இறக்காத கை

செலின்,

போன வியாழக்கிழமை உனக்கு ஒரு ஏர்மெயில் நீலக் காகிதம் போட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அது உன் கைக்கு வந்திருக்கும். கூட வந்த பெண்கள் சொல்லிக்கொடுத்தபடியே விசாரணையில் சொல்லிவிடு, டீ வாங்கப் போயிருந்தேன் என்று சொல், வீண் வம்பு வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போடு. உன் கடிதம் வந்த அன்று, வேலை முடிந்து வந்த காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், ராயபுரம் தபால் ஆபீசில் நின்றபடியே எழுதி ஒட்டிய காகிதம் அது. யோசித்து எழுதியதில்லை. யோசித்தால் எழுத முடியாது என்று தெரிந்தே அவசரமாக எழுதினேன். இதை யோசித்து எழுதுகிறேன். திங்கட்கிழமை ஆரம்பித்தேன், இன்று வியாழன். நீளமாகப் போகும். வார்டு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி, பசியோடு படிக்காதே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் பக்கம் முழுக்க நன்றாகத்தான் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள் லீவு கிடைத்தது, நாலு பேராகச் சேர்ந்து ரயில் ஏறிக் கடற்கரை ஊருக்குப் போனோம், கரையில் மணலே இல்லை, எல்லாம் கூழாங்கல், செருப்பில்லாமல் நடந்தால் கால் நோகிறது என்று எழுதியிருந்தாய். கிழவன் கிழவியெல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு, வாடகை நாற்காலியில் உட்கார்ந்து, சும்மா கடலைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது சிரித்தாள். "கடல பாக்க வாடகையா? காசிமேட்டுல வந்து பாக்க சொல்லு, சும்மாவே காட்றோம்" என்றாள். அந்தக் குளிரில் ஐஸ்கிரீம் தின்றதாக எழுதியிருந்தாய், அதற்கும் ஏதோ சொன்னாள். பிறகு நான் பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டாம் பக்கத்தையும் அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன், எதையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்த ஐரிஷ்காரப் பெண், உன் தோழி மோரின், குளிக்க இறங்கினாள். மற்ற இரண்டு பேரும் டீ வாங்கப் போனார்கள். நீ அவள் துணிகளுக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்திருந்தாய். அவள் தலை ஒரு தடவை முங்கி எழுந்தது. இரண்டாம் தடவை முங்கியபோது உனக்குப் புரிந்துவிட்டது. அவள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். கத்தவில்லை, ஓடவில்லை. நாயோடு நடக்க வந்த ஒரு கிழவர் தூரத்திலிருந்து சத்தம் போட்ட பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நீ அழவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நோயாளிக்கு ஊசி போடுகிறேன், ஒன்றுமே உறைக்கவில்லை, எனக்கு என்ன ஆயிற்று நைனா என்று கேட்டிருக்கிறாய். நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அடுத்த மாதம் விசாரணை, மோரினின் அம்மா அயர்லாந்திலிருந்து வருகிறாள், நீயும் எங்களோடு டீ வாங்க வந்தாய் என்று நாங்கள் சொல்லிவிடுகிறோம், நீயும் அதையே சொல் என்று டீ வாங்கப் போன சாராவும் இன்னொரு பெண்ணும் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். இதெல்லாம் நியாயமான கேள்விதான். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அதுதான் என்னை உலுக்கியது. 'அந்தோணி மாமா விழுந்தபோது நீங்கள் நின்றதற்குக் காரணம் இருந்தது நைனா. உங்கள் கொக்கியில் மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. என் கையில் வெறும் துண்டுதான் இருந்தது.'

இதைப் படித்ததும் உன் அம்மா சொன்னாள்: "பாவம்யா அது. நீ நின்னதுக்கு ஒரு காரணம் இருந்திச்சி. இதுக்கு அதுகூட இல்லியே, அதான் பேஜாரு பண்ணிகினு கீது. நீ தைரியமா ரெண்டு வார்த்தை எழுதிப் போடு." நான் சட்டைகூட மாற்றாமல் தபால் ஆபீசுக்கு ஓடினது அதனால்தான். அவள் எதிரில் உட்கார முடியவில்லை.

உன் தாய்மாமன் அந்தோணி போனபோது உனக்கு எட்டு வயது. அவனை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நம் வீட்டில்தான் இருந்தான், நம் தட்டில்தான் சாப்பிட்டான். இருபத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. துறைமுகத்தில் அவனைச் சேர்த்துவிட்டது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் ரயிலேறி எண்ணூர் போனோமே, அது ஞாபகம் இருக்கிறதா? நம் குடும்பம் ஊர் சுற்றப் போனது அந்த ஒரே தடவைதான். அப்போது அனல் மின் நிலையமும் கிடையாது, புகைபோக்கியும் கிடையாது. முகத்துவாரத்துத் தண்ணீரில் காலடி மண் தெரியும். அவன் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீர் வரைக்கும் போய்விட்டான். உன் அம்மா கரையிலிருந்து, "டேய் கஸ்மாலம், புள்ளைய கொண்டாடா" என்று கத்தினாள். நீ அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாய். நான் கரையில் உட்கார்ந்து பொரித்த இறால் தின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பயமே வரவில்லை, அவன் மீன் மாதிரி நீந்துவான். நானும் நன்றாக நீந்துவேன், அது உனக்குத் தெரியாது. அவன் போன பிறகு நான் தண்ணீரில் இறங்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து அவன் செத்தான். கோதுமைக் கப்பல் வந்து நின்றிருந்தது. என் வேலை என்ன என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், இருந்தாலும் மறுபடி சொல்கிறேன். கப்பலின் விளிம்பில் நின்று கைஜாடை காட்டுகிறவன் நான். மூட்டை தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்கு அவன் இடத்திலிருந்து கப்பலின் அடித்தளமும் தெரியாது, துறைமேடையும் தெரியாது. என் கைதான் அவனுக்குக் கண். விரலைச் சுழற்றினால் தூக்குவான், உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்குவான், முஷ்டியை உயர்த்தினால் அப்படியே நிறுத்திவிடுவான். உயர்த்திய கையை நான் இறக்குகிற வரைக்கும் அவன் எதையும் தொடமாட்டான். மூட்டை தொங்கும்போது, கீழே ஆள் நிற்கும்போது, சிக்னல் காட்டுகிறவன் கண்ணைக் கொக்கியிலிருந்து எடுக்கக் கூடாது, கையை அசைக்கக் கூடாது. பக்கத்தில் இடி விழுந்தாலும் கூடாது. அசைத்தால் கீழே இருக்கிற எட்டுப் பத்துப் பேர் நசுங்கிப் போவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி அடித்துச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

நம் வீட்டில் உனக்குச் சொல்லப்பட்ட கதை இதுதான். கொக்கியில் எட்டு மூட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஆட்கள் நின்றார்கள். அந்தோணி மேடை ஓரத்தில் சறுக்கி, கப்பலுக்கும் கல்சுவருக்கும் நடுவில் விழுந்தான். நைனா கையை இறக்கியிருந்தால் கீழே நின்றவர்கள் செத்திருப்பார்கள். அதனால் நைனா கண்ணைக் கொக்கியில் வைத்தபடி, உயர்த்திய கையை இறக்காமல், மச்சான் செத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றார். பெரிய ஆள் உன் நைனா. இந்தக் கதையை உன் அம்மாவே தெருவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள் தெரியுமா? அவன் அவளுடைய சொந்தத் தம்பி. யாராவது ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லிவிட்டால் போதும், "அவுரு கைய எறக்கியிருந்தா எத்தினி பொம்பளைங்க தாலி அறுத்துகினு நின்னிருப்பாளுங்க, அத்த யோசிச்சியாடி?" என்று சண்டைக்குப் போவாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

செலின், கொக்கியில் ஒன்றும் இல்லை.

மூட்டைகளை மேடையில் இறக்கியாகிவிட்டது. அந்தோணிதான் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டான். வெறும் கொக்கி மேலே ஏறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் மேடையில் நின்றவர்கள் ஷெட்டின் நிழலுக்குப் போய்விட்டார்கள். சிந்திக் கிடந்த கோதுமையில் அவன் கால் சறுக்கியது. நான் சட்டென்று முஷ்டியை உயர்த்தினேன், வின்ச் நின்றது. அது வரைக்கும் சரி. கப்பல் சுவரில் உராயாமல் இருக்க நடுவில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மரக்கட்டையில் தோள் அடிபட்டுத் தண்ணீரில் விழுந்தான். மேலே வந்து அந்தக் கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டான், மற்ற கை வேலை செய்யவில்லை. கட்டை முழுக்கப் பாசி. நான் நேர் மேலே நின்றேன். என் காலடியில் ஒரு சுருள் கயிறு கிடந்தது. கைப்பிடிக் கம்பியில் மிதவை வளையம் மாட்டியிருந்தது. எனக்கு நீந்தவும் தெரியும். இதையெல்லாம் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. என் கை மட்டும் மேலேயே நின்றது. வாயும் திறக்கவில்லை. ஒரு நிமிஷமா, இரண்டு நிமிஷமா, இன்று வரைக்கும் எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியாது. வின்ச் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஷெட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்து, பிறகு ஓடிவந்து குதித்தார்கள். அதற்குள் கட்டையில் கை இல்லை.

ஏன் என்று கேட்காதே. பதினாலு வருஷமாக நானே என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பயமா என்றால் பயமாகவும் இல்லை. அவன் மேல் எனக்கு ஒரு மனஸ்தாபமும் கிடையாது. கை இறங்கவில்லை, அவ்வளவுதான். சப்பணம் போட்டு வெகு நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, தட்டினாலும் நம்முடையது மாதிரி இருக்காதே, அப்படி முழு உடம்பும் இருந்தது. நீ எழுதியிருப்பதைப் படித்தபோது, நான் எழுதாமல் விட்ட கடிதத்தை யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று இருந்தது.

வின்ச் ஓட்டியவர் தண்டையார்பேட்டை காதர் பாய். கயிற்றின் பாரத்தை வைத்தே கொக்கி காலி என்று நிச்சயமாகத் தெரிந்தவர் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். அன்று சாயங்காலம், அந்தோணியை மேலே எடுத்துப் போட்ட பிறகு, என்னை ஷெட்டின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"மாமு, நல்லா கேட்டுக்கோ. கொக்கில எட்டு மூட்டை தொங்கிகினு இருந்திச்சி. கீய ஆளுங்க இருந்தாங்கோ. நீ கைய எறக்கியிருந்தா அத்தினி பேரும் காலி. இதான் நடந்திச்சி. வேற இன்னாவும் நடக்கல."

"பாய், கொக்கி காலியா..."

"கம்முனு இரு. போனவன் போயிட்டான். உன்னியும் வேலைய விட்டுத் தூக்கிட்டா அவன் எந்திரிச்சி வந்துருவானா? வூட்ல பொண்டாட்டி கீது, பொம்பள புள்ள கீது. நான் பேசிக்கிறேன். நீ தலைய மட்டும் ஆட்டு."

அவர் என் தோஸ்து. நல்லதுக்குத்தான் சொன்னார். உன் சாராவும் நல்லதுக்குத்தான் சொல்கிறாள், அவள் மேல் கோபப்படாதே. துறைமுகத்தில் நடந்த விசாரணையில் அதிகாரி என்னைப் பார்த்து, ஏன் கையை இறக்கவில்லை என்று கேட்டார். பாய் பதில் சொன்னார், நான் தலையை ஆட்டினேன். ரொம்ப நாள் வரைக்கும், நான் பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். முழங்காலில் நின்று, "பொய் சொன்னேன் சாமி, ரெண்டு மூணு தடவ" என்பேன். எந்தப் பொய் என்று சாமியார் கேட்டதில்லை. வெளியே வந்து மண்டியிட்டு அவர் சொன்ன ஜெபத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இட்லி தின்பேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த அதிகாரி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று முதல் நான் கை இறக்காத சூசை ஆகிவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களை மேஸ்திரி என்னிடம் கூட்டிவருவார், "இவுருதான்டா அவுரு, மச்சானே முங்கறான், மனுசன் கைய ஆட்டலையே" என்பார். அவர்கள் என்னைச் சுவரொட்டியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். போன மாதம்கூட ஒருவன் வந்து என் காலைத் தொட்டான். எனக்கு வெட்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. போய் வேலையைப் பாரு என்றேன். உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ வேலையை விடுகிறாயா, படிப்பை முடிக்கிறாயா என்பதில் எனக்கு உத்தரவு போடுகிற யோக்கியதை இல்லை. நான் இதே கையோடு இத்தனை வருஷம் அதே இடத்தில் வேலை பார்த்துவிட்டேன், அதனால் முடியும் என்று மட்டும் தெரியும். ஆனால் நடக்காத ஒன்றுக்காக நாலு பேர் உன்னை மெச்சுகிற இடத்தில் மட்டும் உட்காராதே. அங்கிருந்து எழுந்திருக்கவே முடியாது.

இன்னொரு கணக்கும் உன்னிடம் எனக்கு இருக்கிறது. உனக்கு ஒன்பது வயதில், காசிமேட்டுப் பிள்ளைகளோடு கடலில் இறங்கிவிட்டு ஈரப் பாவாடையோடு வீட்டுக்கு வந்தாய். பெல்ட்டைக் கழற்றி உன்னை விளாசினேன். உன்னைக் கூட்டிவந்த ஒரு மீன்காரர், "வுடு நைனா, பொண்ணு சோக்கா மெதக்குது, ரெண்டே நாள்ல நீந்திடும், வுடு" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். அவரையும் தள்ளிவிட்டு அடித்தேன். தம்பியைக் கடலில் கொடுத்த வீடு, பயத்தில் அடிக்கிறார் என்று உன் அம்மா நினைத்தாள். பயம் ஒன்றும் இல்லை. அந்த ஈரத் துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டுவதை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் அடித்தேன். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தூங்கினால் அலைச்சத்தம் கேட்கிற வீடு, அந்தக் கூழாங்கல் கரையில் நீச்சல் தெரியாமல் நின்றாய் என்றால் அது என் வேலை. நீ கத்தாமல் நின்றது என் வேலை இல்லை. அதை உனக்காக நான் எடுத்துக்கொள்ள முடியாது. எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை அந்த நீலக் காகிதத்தைப் போட்டுவிட்டு வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உன் அம்மா சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, நாலு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீறே? பொண்ணுக்குத்தான் எழுதிட்டியே?"

"தப்பா எழுதிட்டேன்" என்றேன். எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு மேலே எழுதியிருக்கிற அதே வரிசையில். அவள் அரிவதை நிறுத்திவிட்டாள். கையில் மீனோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் முடித்த பிறகு கேட்டாள்.

"கொக்கில ஒண்ணியுமே இல்லியா?"

"இல்ல."

"கயிறு இருந்திச்சா?"

"காலடியில கெடந்திச்சி."

"கத்தக்கூட இல்லியா நீ?"

"இல்ல."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மீனைச் சட்டியில் போட்டாள். பிறகு, என்னைப் பார்க்காமலேயே, இன்னும் ஒன்று கேட்டாள்.

"அவன் உன்ன பாத்தானா?"

"பாத்தான்."

"நீ?"

"நானும் அவனத்தான் பாத்துகினு இருந்தேன். முங்கற வரிக்கும் கண்ண எடுக்கல."

எழுந்து கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மீன் சட்டியிலேயே கிடந்தது, சாயங்காலம் நான்தான் எடுத்துக் கொட்டினேன். அதற்குப் பிறகு நேற்று வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. சமைத்தாள், தட்டு வைத்தாள், என் காக்கிச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வெயிலில் திரும்பி வந்தாள். அன்றைக்குத் திருவொற்றியூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன், போகவில்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். விசாரணையில் உண்மையைச் சொல் என்று எழுதிப் பார்த்தேன். நானே செய்யாததை உன்னைச் செய்யச் சொல்வது எனக்கே அசிங்கமாக இருந்தது, அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். மூன்றாம் பக்கம் அதனால்தான் அவ்வளவு கலீஜாக இருக்கிறது.

இன்று காலையில் தாளையெல்லாம் அடுக்கி மடித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள்.

"எழுதிட்டியா?"

"இன்னா சொல்றதுன்னு தெரியல. முடிக்கல."

"அப்ப நான் சொல்றத எழுதிக்க" என்றாள். நின்றபடியேதான் சொன்னாள், குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை. "பதினாலு வருசமா எனக்குத் தூக்கம் வராததுக்குக் காரணம் நீ இல்லய்யா. நீ கொக்கியத்தான் பாத்துகினு இருந்தேன்னு எல்லாரும் சொன்னாங்கோ, நானும் அதத்தான் ஊரு பூரா சொல்லிகினு திரிஞ்சேன். ஆனா ராவானா எனக்கு இன்னா தோணும் தெரியுமா? எந்தம்பி சாவறப்ப அவன ஒரு நாதி பாக்கல. சுத்தி அத்தினி பேரு, ஒரு கண்ணுகூட அவன் மேல இல்ல. நாய் மாதிரி தனியா போயிட்டான்னு நெனச்சிகினு படுத்திருப்பேன். இப்ப சொல்றே, நீ பாத்துகினு இருந்தேன்னு. அவனும் உன்ன பாத்தான்னு. இத்த நீ அன்னிக்கே சொல்லியிருக்கணும். உன்ன மன்னிக்கச் சொல்லாத, அது என்னால ஆவாது. ஆனா அவன் தனியா போவல."

மடித்த தாளைப் பிரித்து அதை எழுதிக்கொண்டேன். அவள் போகவில்லை, அங்கேயே நின்றாள்.

"அந்தப் பொண்ணோட அம்மா வர்றா இல்ல? செலினாண்ட சொல்லு. டீ வாங்கப் போனேன் கீனேன்னு அவளாண்ட சொல்லிடப் போவுது. அவ அடிக்கட்டும், காறித் துப்பட்டும். நான் அங்கதான் இருந்தேன், உம் பொண்ணத்தான் பாத்துகினு இருந்தேன்னு சொல்லச் சொல்லு. அந்தப் பொம்பளைக்கு அது வேணும்."

அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிவிட்டேன். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும். அவளும் கூட வருகிறேன் என்று சேலை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

உன் நைனா
சூசை